வாசலுக்கு வந்த தீர்த்தம்

கண்டி மஹய்யாவ லயங்களின் வரிசை வீடுகளில் குழாயடிச் சண்டை முற்றினாலும் சரி, கல்யாணப் பேச்சு பாதியில் நின்றுபோனாலும் சரி, முதலில் தேடப்படுகிற ஆள் இராமையாதான். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒல்லி, குள்ளம், பேசும்போது கண்ணைச் சிமிட்டுகிற பழக்கம் வேறு. ஆனால் இரண்டு பக்கமும் நோகாமல் ஒரு வழி சொல்வதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஒருவருமில்லை. "நீ சொல்றதும் நியாயந்தான், அவ சொல்றதும் நியாயந்தான்" என்றுதான் தொடங்குவார். முடிக்கும்போது இரண்டு பேருமே தாங்கள்தான் ஜெயித்தோம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவார்கள். இந்தக் குணத்தைத் தனக்குக் கிடைத்த வரம் என்றே அவர் நினைத்திருந்தார். வரமில்லை என்று தெரிய ஐம்பத்திரண்டு வயதாயிற்று.

வேலை மாநகரசபையில். பதினாறு வயதில் மண்வெட்டியோடு சாக்கடைக் கானுக்குள் இறங்கியவர், கான் வெட்டி வெட்டியே பத்துப் பேருக்குக் கங்காணியானார். கண்டி டவுனில் எந்தத் தெருவின் அழுக்கு எந்தக் கானில் விழுந்து, எங்கே திரும்பி, எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "மேட்டுல உள்ள பெரிய மனுசன் வீட்டுதும், பள்ளத்துல உள்ள நம்ம வீட்டுதும் கடைசியில ஒண்ணாத்தான் போய் ஆத்துல விழுது" என்று சொல்லிச் சிரிப்பார். கெட்டம்பேப் பக்கம் அது மகாவலியில் விழுகிற இடம்வரைக்கும் அவருடைய மண்வெட்டி போயிருக்கிறது.

சம்பளமில்லாத வேலை ஒன்றும் அவருக்கு உண்டு. லயத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் தலைவர். கோயில் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, சிமெந்துத் தரை, முழங்கை உயரத்தில் ஒரு அம்மன். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலைத் தலைவரின் மணிக்கட்டில் கட்டிவிட்டால், அடுத்த வெள்ளி கரகம் தூக்கி இறக்கும்வரை திருவிழாவை எவரும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் அழைத்த அம்மன் நடுவழியில் நின்றுவிடுவாள். கரகத்தன்று காலையில் லயமே தப்பு அடித்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்கு நடந்து போகும். பாலத்துக்குக் கீழே மகாவலியில் எல்லோரும் முழுகி எழும்ப, தலைவர் தன் கையால் குடத்தில் தண்ணீர் மொள்ளுவார். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அம்மன் தலையில் ஊற்றி, வழிந்ததை ஏந்தி, ஆளுக்கு ஒரு கை தீர்த்தம். பைப்புத் தண்ணீர் ஆகாது, கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. ஓடுகிற மகாவலி கங்கைதான் வேண்டும்.

எழுபத்தேழாம் வருஷம் தேர்தல் கலாட்டா ஓயட்டும் என்று ஆடித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். ஆவணி பிறந்த கையோடு கலவரம் வந்தது. தமிழ்க் கடை எரிந்தது, தமிழ் ஆள் என்று தெரிந்தால் பஸ்ஸை விட்டு இறக்கி அடித்தார்கள், ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இன்னும் மோசம். இராமையாவின் தங்கை நல்லம்மா மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். எழுபத்துநாலு பஞ்சத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பெண் பிள்ளைகளோடு கிடந்தாள். மூத்தவள் தவமணிக்குப் பன்னிரண்டு வயது, சின்னவள் சின்னத்தாய்க்கு ஏழு. பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும், ஊரடங்கு தளர்ந்த அன்றே இராமையா அங்கே போய் நின்றார்.

நல்லம்மா வர மறுத்தாள். "இங்கன்னா தேயிலைக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குவோம்ணே. டவுனுல எங்க போய் ஒளியிறது?"

"டவுனுல எரநூறு பேரு ஒண்ணா இருக்கோம் தாயி. ஆள் கூட்டமா இருக்கிற எடத்துல கைவைக்க யோசிப்பானுங்க. ஒம் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பொறுப்பு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் மூட்டையைக் கட்டினாள். அதற்குப் பிறகு இராமையாவுக்கு வேறு கவலை கிடையாது. இந்த இரண்டு பிள்ளைகளையும் முழுசாக வைத்திருந்து தங்கையிடம் திருப்பிக் கொடுத்தால் போதும். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருதரம், வந்ததும் ஒருதரம் அடுத்த லயத்துக்குப் போய்த் தலையை எண்ணிவிட்டு வருவார். அவருடைய காம்பரா என்கிற ஒற்றை அறையில் மனைவி அழகம்மாவின் ஆட்கள் ஏற்கெனவே வந்து நிறைந்திருந்ததால், தங்கைக்கு அங்கேதான் ஒரு மூலை பிடித்துக் கொடுக்க முடிந்தது.

எந்த வீட்டில்தான் தோட்டத்துச் சொந்தம் வந்து சேரவில்லை? ஒரு காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தது. இரண்டு பைப்பு, ஆறு கக்கூஸ். ஐப்பசி மழை தொடங்கியது. கலவரம் கொஞ்சம் அடங்கினதும் சனத்துக்கு வேறு பயம் பிடித்தது. அம்மனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால்தான் இத்தனை பாடும் என்றார்கள். ஐப்பசியிலேயே ஒரு வெள்ளி பார்த்து இராமையாவின் கையில் காப்பைக் கட்டினார்கள். திங்கட்கிழமை, தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் வாந்திபேதியில் படுத்தார். செவ்வாய்க்கிழமை இன்னும் மூன்று பேர்.

புதன் காலை சண்முகநாதன் வந்தார். யாழ்ப்பாணத்து மனுசன்; பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, கோயில் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"இது கண்டியில மட்டும் இல்லை. பதினைஞ்சு வரியமா நாடு நாடாச் சுத்துற கொலரா வருத்தம். நோய் நிக்கும்வரை கூட்டம் கூடப்படாது. கோயிலைப் பூட்டுங்கோ. குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ. வெள்ளிக்கிழமைத் திருவிழா நடக்கேலாது."

சனம் சுற்றிக் கூடி நின்றது. வீரம்மாதான் முன்னே வந்தாள். ரோடு கூட்டுகிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"கூடினா பொலிஸு அடிக்கிறான். கூடாம தனியாப் போனா காடையன் அடிக்கிறான். இப்ப சாமி முன்னாலயும் கூடக்கூடாதுன்னு நீங்க வந்துட்டீங்க. அப்ப நாங்க எங்கதாங்கய்யா கூடுறது? சுடுகாட்டுலயா?"

"நானும் கோயில் குளம் எண்டு வளந்தவன்தான் பிள்ளை. ஆனா கிருமிக்குக் கோயில் எது, கக்கூஸ் எது எண்டு தெரியாது."

"அம்மனத் தாண்டி ஒரு கிருமி வருமா?" என்றாள் வீரம்மா. சனம் ஆமென்று தலையாட்டியது. சண்முகநாதனின் முகம் சிவந்தது. இன்னும் ஒரு வார்த்தை போயிருந்தால் பொலிஸைக் கூப்பிடும் பேச்சு வந்திருக்கும். அந்த வருஷத்தில் லயத்துக்குள் பொலிஸ் வருவது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

இராமையா கண்ணைச் சிமிட்டினார். "ஐயா சொல்றதும் நியாயந்தான். வீரம்மா சொல்றதும் நியாயந்தான்."

பிறகு தன் யோசனையைச் சொன்னார். சனம் அம்மனிடம் வரக்கூடாது, அவ்வளவுதானே? அம்மன் சனத்திடம் போகட்டும். அவர் ஒருவரே ஆற்றுக்குப் போவார், ஒருவரே அபிஷேகம் செய்வார், கரகத்தையும் தீர்த்தக் குடத்தையும் எடுத்துக்கொண்டு வாசல் வாசலாக வருவார். அவரவர் வாசலில் அவரவர் நின்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். ஒரு வாசல் ஆள் இன்னொரு வாசலுக்குப் போகக்கூடாது. தப்பும் இல்லை, கூழும் இல்லை.

வீரம்மாவே தலையாட்டினாள். சண்முகநாதன் கொஞ்சம் யோசித்தார். அவருக்கு அன்று இன்னும் நாலைந்து இடம் பார்க்க இருந்தது. "ஓம், அது நல்ல யோசனை. சனம் சேராட்டிச் சரி" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார்.

தண்ணீரைப் பற்றி எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கொதிக்க வைக்க வேண்டியது குடிக்கிற தண்ணீரை. தீர்த்தத்தை யாராவது குடிக்கிற தண்ணீரில் சேர்ப்பார்களா? நம்மாட்களில் ஒருவருக்கும் அது தோன்றாது. யாழ்ப்பாணத்தில் படித்து வந்த மனுசனுக்கே தோன்றவில்லை என்றால் இராமையாவை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஆனால் அவரைக் குறை சொல்லத்தான் வேண்டும். ஆற்றில் என்ன விழுகிறது என்று அந்த லயத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை பாலத்துக்குக் கீழே இறங்கியபோது ஆறு மண்ணிறமாகப் பெருகி ஓடியது. இரண்டு நாள் மழையில் டவுன் கான்கள் எல்லாம் நிரம்பி வழிந்திருந்தன; முதல்நாள் பகல் முழுக்க அவரே இடுப்பளவில் நின்று அடைப்பு எடுத்திருந்தார். எடுத்துவிட்டது கெட்டம்பேயில் விழுந்து இந்தப் பாலத்தடிக்குத்தான் வந்திருக்கும் என்பது தெரியாதா? தெரியும். ஆனால் மணிக்கட்டில் காப்பு இருந்தது, வயிற்றில் எட்டு நாள் விரதம் இருந்தது, வாயில் அம்மன் பேர் இருந்தது. கான் கங்காணி வேறு, கோயில் தலைவர் வேறு என்று அவர் இருந்துவிட்டார். மூன்றுதரம் முழுகி எழும்பி, மிதந்து வந்த சருகைக் கையால் விலக்கிவிட்டுக் குடத்தை முக்கினார்.

அந்தக் காலையைப் போல ஒரு காலை அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. நாற்பத்தொரு வாசலையும் கழுவிக் கோலம் போட்டு, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அம்மன் இத்தனை வருஷமும் கோயிலை விட்டு அசையாதவள், இன்று நம் வாசலுக்கே வந்துவிட்டாள் என்று பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். ஒருவர்கூட அடுத்த வாசலுக்குப் போகவில்லை. நோயாளிகளுக்கு இரண்டு கை கொடுத்தார். நல்லம்மா முந்தானையைத் தோளில் போர்த்திக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினாள். ஊற்றிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். மாதா படம் மாட்டிய ஐந்து வேதக்கார வீடுகளை மட்டும் கும்பிட்டுவிட்டுக் கடந்தார். தலைவர் வீட்டுக்குக் கடைசியில்தான் என்பது முறை. அங்கே வந்தபோது குடம் காலி.

"நமக்கு ஒரு சொட்டும் மிஞ்சலியா?" என்று அழகம்மா முகம் சுருங்கினாள்.

"எல்லாருக்கும் கெடச்சிருச்சே, அது போதும்" என்றார். அப்படிச் சொல்லும்போது எவ்வளவு நிறைவாக இருந்தது அவருக்கு!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொடங்கியது. முதலில் மேல் வரிசையில் இரண்டு வீடு, பிறகு நடு வரிசை, பொழுது சாய்வதற்குள் எங்கே பார்த்தாலும் வாளியும் ஓலமும்தான். நல்லம்மாவுக்கு வயிறு போய்ப் போய் நின்றுவிட்டது. தவமணி திங்கட்கிழமை படுத்தாள். சின்னத்தாய் அதற்கு முன்பே படுத்துவிட்டாள். கான் மண் ஏற்றுகிற லொறியில் சின்னத்தாயை மடியில் வைத்துக்கொண்டு இராமையா ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் உள்ளே போய், கைவிரல் தோல் கிழவியின் தோல்போலச் சுருங்கியிருந்தது. "மாமா, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கொடுக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. கொடுக்கவில்லை. அதுவும் பிழை என்று பிறகு சண்முகநாதன் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பிள்ளை போய்விட்டது. தவமணியைச் சேலைன் ஏற்றிக் காப்பாற்றினார்கள். சின்னத்தாயைச் சேர்த்து லயத்தில் பதினொரு பேர். எவருக்கும் தப்பு அடிக்கவில்லை, ஊர் கூடவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து கை கழுவினார்கள். நல்லம்மாவின் முகத்தைப் பார்க்க இராமையாவுக்குத் தைரியமில்லை. நான் பொறுப்பு என்ற வாய் அல்லவா?

அடுத்த வாரம் சண்முகநாதன் ஒரு தாளோடு வந்து, கோயில் திண்ணையில் உட்கார்ந்தார். தாளில் லயத்தைக் கோடு கோடாக வரைந்து, நோய் கண்ட வாசலுக்கெல்லாம் புள்ளி போட்டிருந்தார்.

"வேதக்கார வீடு அஞ்சிலயும் ஒண்டுமில்லை. உம்மட வீட்டிலயும் ஒண்டுமில்லை. இராமையா, தண்ணி எங்க எடுத்தனீர்?"

"கட்டுகஸ்தோட்டையில ஐயா. எப்பவும் எடுக்கிற எடம்."

"கொதிக்க வைச்சனீரோ?"

"தீர்த்தத்தையா?" என்று கேட்டார் இராமையா.

கேட்டு முடித்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. தாளைப் பார்த்தார். அவர் நடந்து போன வழியெல்லாம் புள்ளி கிடந்தது. தரையில் அப்படியே குந்தி, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். சண்முகநாதன் அந்தக் கையைப் பிடித்தார்.

"சத்தம் போடாதேயும். ஓம் எண்டு சொன்னவன் நான்தானே. நான் கேட்டிருக்க வேணும், கேக்கேல்லை." வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "இதை நான் எழுதப் போறேல்லை. எழுதினா நாளைக்கு டவுனில என்ன கதைப்பாங்கள் தெரியுமோ? தமிழாக்கள் ஆத்துத் தண்ணியில நோயைக் கலந்தவங்கள் எண்டு கதைப்பாங்கள். இப்பதான் நெருப்பு அணைஞ்சது. நெருக்கமும் மழையும் எண்டு எழுதுறன். நீரும் வாயைத் திறவாதேயும்."

அவர் தாளை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். குற்றத்தையும் இராமையாவிடமே விட்டுவிட்டுப் போனார். தண்டிக்க ஆளில்லாத குற்றத்தை ஒரு மனுசன் எங்கே கொண்டுபோய் வைப்பான்?

லயம் வேறு கதை பேசிற்று. கூட்டம் கூடிக் கும்பிடாததால்தான் அம்மன் கோபித்தாள் என்றது. "கூடிக் கும்பிட்டிருந்தா பதினொரு உசுரும் நின்னிருக்கும். இராமையா அண்ணன் அம்மாவத் தூக்கிட்டு வந்த புண்ணியத்துலதான் மிச்சப் பேராவது பொழைச்சோம்" என்று வீரம்மா பைப்படியில் சொல்லிச் சொல்லி, அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவரைக் கண்டால் எழும்பி நின்றார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கக் கூப்பிட்டார்கள். அவர் சண்டை தீர்க்கப் போவதை விட்டுவிட்டார். யாராவது நியாயம் கேட்டு வந்தால், "எனக்கு ஒண்ணும் தெரியாது, போங்க" என்பார். இராமையாவுக்கு அடக்கம் கூடிவிட்டது என்று அதற்கும் புகழ்ந்தார்கள். சோறு இறங்கவில்லை. கானுக்குள் இறங்கினால் ஏற மனம் வராமல் நின்றுகொண்டிருப்பார். எண்பத்துமூன்றில் மறுபடியும் நெருப்பு வந்ததையும் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். அதுவரை ஒரு திருவிழாவிலும் குடத்தைத் தொடவில்லை. இடுப்பு வலி என்று சொன்னார். சனம் நம்பியது. சனம் அவர் சொன்ன எதைத்தான் நம்பவில்லை?

உண்மையை அவர் ஒருதரம் ஒருவரிடம் சொன்னதுண்டு. எழுபத்தெட்டு மாசியில், நல்லம்மா வவுனியாப் பக்கம் போவதென்று முடிவெடுத்தாள். அங்கே காடு வெட்டிக் குடியேறிய தோட்டத்துச் சனம் அவளைக் கூப்பிட்டிருந்தது. அவள் இனித் தோட்டத்துக்கும் போகமாட்டாள், டவுனிலும் இருக்கமாட்டாள். காலை பஸ்ஸுக்கு அவளையும் தவமணியையும் கூட்டிக்கொண்டு இராமையா கண்டி பஸ் நிலையத்துக்கு வந்தார். மூட்டையை மேலே போட்டு, தவமணியை ஜன்னலோரம் ஏற்றி உட்காரவைத்தார். நல்லம்மா சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

"நீ அன்னைக்கு அம்மாவ வாசலுக்குக் கொண்டாந்தியேண்ணே, அதனாலதான் ஒருத்தியாவது எனக்கு மிஞ்சுனா. அந்தத் தீர்த்தம் இல்லாட்டி ரெண்டுமே போயிருக்கும்."

அவரால் தாங்க முடியவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு இருந்துவிடலாம். இவளிடம் எப்படி வாங்குவது? யாராவது ஒருவர் தன்னை அறைய வேண்டும், காறித் துப்ப வேண்டும் என்று நாலு மாதமாக அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். அதற்கு உரிமை உள்ளவள் இதோ காலடியில் குனிந்து நிற்கிறாள்.

"நல்லம்மா, அந்தத் தண்ணியிலதான் வந்துச்சு" என்றார். "ஐயா எனக்குக் காட்டுனாரு. நான் போன வாசல்லதான் செத்தாங்க, போகாத வாசல்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ஆத்துல என்ன விழுதுன்னு தெரிஞ்சும் அள்ளிட்டு வந்தேன். ஒம் பிள்ளைய நான்தான் கொன்னேன். என்ன வேணும்னாலும் பேசு தாயி. அடி."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவள் மாதிரி வாய் மெல்ல அசைந்தது.

"சின்னவ தூங்கிக்கிட்டிருந்தாண்ணே," என்றாள். "வாசலுக்கு வரவேயில்ல. நான்தான் குடிக்காம கையில மிச்சம் வச்சு, உள்ள கொண்டுபோய் எழுப்புனேன். வேணாம்மா கசக்குதுன்னா. வாயத் தொறக்க மாட்டேன்னா. கன்னத்த அமுக்கி, நான்தான் ஊத்துனேன்."

இராமையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, இதை எதற்குச் சொன்னோம் என்று நினைத்தார். தன் பாரத்தை இறக்கப் போய், அதைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார். "இல்ல தாயி, ஒனக்கென்ன தெரியும், ஒன் மேல ஒரு குத்தமும்..." என்று தொடங்கினார். எத்தனையோ பேரைச் சமாதானம் செய்த நாக்கு அதற்குமேல் புரளவில்லை. கொண்டக்டர் சிங்களத்தில் "நகின்ன, நகின்ன" என்று சத்தம் போட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். நல்லம்மா ஏறிப் போய்த் தவமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் நகர்ந்தது. தவமணி ஜன்னலால் கையை நீட்டி, "போய்ட்டு வாறோம் மாமா" என்று ஆட்டினாள். நல்லம்மா வெளியே பார்க்கவில்லை. மடியில் விரித்து வைத்திருந்த தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.